ஆம்பியர் ஏறும் வரை கையை எடுக்காதே

டிப்போ கேள்வி பதில்

போன இதழில் மின்பேருந்து டிப்போ பற்றி இந்தப் பக்கத்தில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர், "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988-ல், ஜீவா போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் பஸ்ஸின் நெற்றியில் இருந்த காலத்தில், எலக்ட்ரீசியனாக வேலைக்குச் சேர்ந்தேன். பேட்டரி ரூமில் ஹைட்ரோமீட்டரும் டிஸ்டில்டு வாட்டர் கேனுமாக 30 வருடம் ஓடியது. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, வெளி மாநிலத்தில் ஒரு மின்பேருந்து சார்ஜிங் யார்டில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது கோபி பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல் அந்த மூன்று வருட இரவுகளில் கற்றுக்கொண்டது.

ஐயா, நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோவைக்கு 75 மின்பேருந்து வரப்போகிறது என்கிறார்கள். 75 சார்ஜர் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?
*— வாசகி, பீளமேடு*

அம்மிணி, 75 சார்ஜர் வைத்தால் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கும். 2025-26 பட்ஜெட்டில் சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75 என்று மின்பேருந்துகளை அறிவித்தார்கள். அந்த 75-ஐயே வைத்துக் கணக்குப் போடலாம். பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

12 மீட்டர் பஸ் ஒன்று ஒரு கிலோமீட்டருக்குச் சுமாராக 1.2 யூனிட் குடிக்கும். ஏ.சி. இருந்தால், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 240 யூனிட். சார்ஜரில், கேபிளில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் மீட்டரில் 260 ஏறும். 75 பஸ்ஸுக்கு 19,500 யூனிட். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகிறது, அதாவது நாளுக்கு 5. அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 3,900 வீடு எரிக்கிற கரண்ட் ஒரே காம்பவுண்டுக்குள் வர வேண்டும்.

இப்போது நீங்கள் சொன்னபடி பஸ்ஸுக்கு ஒன்றாக 180 கிலோவாட் சார்ஜர் வைத்துவிட்டோம். ராத்திரி 10.30-க்கு எல்லாப் பஸ்ஸும் வந்து நின்று ஒரே நேரத்தில் கன்னை (சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும், வண்டியில் சொருகுகிற பிடி) மாட்டினால் 13,500 கிலோவாட் இழுக்கும். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், அப்புறம் விடிய விடிய எல்லாம் சும்மா நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக டிரான்ஸ்பார்மர், கேபிள், பிரேக்கர் எல்லாம் அந்த அளவுக்குப் போட வேண்டும். உயர் அழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் பணம் இல்லை. உச்சபட்சமாக எவ்வளவு இழுத்தீர்கள் என்பதற்கும் கேவிஏ (மொத்த மின்சுமையின் அளவு) கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. மாதத்தில் ஒரே ஒரு ராத்திரி அந்த உச்சியைத் தொட்டாலும் அந்த மாதத்துக் கட்டணம் அதை வைத்துத்தான்.

அதே 19,500 யூனிட்டை 10.30 முதல் விடியற்காலை 5.30 வரை ஏழு மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்துப் பாருங்கள். 2,800 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். 13,500 எங்கே, 2,800 எங்கே!

நான் கீழ்பவானிப் பாசனத்தில் பிறந்தவன். 2,07,000 ஏக்கருக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட்டால் வாய்க்கால் தாங்காது, அணையும் தாங்காது. அதனால்தான் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை என்று வைத்தார்கள். சார்ஜிங் யார்டு நடத்துவதும் முறைத் தண்ணீர் விடுகிற வேலைதான். அங்கே கடைமடைக் காட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ராத்திரி ஒருவர் மண்வெட்டியோடு நடக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு 180 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கன் இருக்கும். இரண்டு பஸ் மாட்டினால் ஆளுக்கு 90. ஒரு பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ராத்திரியில் இரண்டு சுற்று ஓட்டலாம். ஒரு சார்ஜருக்கு நாலு பஸ். 75 பஸ்ஸுக்கு 19 சார்ஜர், ரிப்பேருக்கு ஒதுக்க மூன்று, ஆக 22 போதும். 19-ம் முழு வேகத்தில் ஓடினால் 3,420 வரும். எல்லாச் சார்ஜரையும் ஒரே கணினியில் கட்டி, "மொத்தம் 2,800-ஐத் தாண்டாதே" என்று வரம்பு போட்டுவிட்டால் அதுவே பங்கு பிரித்துக்கொள்ளும்.

கணினிக்கு ஒன்று மட்டும் தானாகத் தெரியாது. எந்தப் பஸ் 3.50-க்கு முதல் நடை கிளம்புகிறது, எது 6.30-க்குக் கிளம்பினால் போதும் என்பதை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். எங்கள் யார்டில் அதற்கு ஒரு கரும்பலகை வைத்திருந்தோம். வண்டி எண், உள்ளே வந்தபோது சார்ஜ் எத்தனை சதவீதம், எந்தக் கன், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நாலு கட்டம். டைம் கீப்பர் ஷெட்யூலை மாற்றினால் அவரே வந்து சாக்பீஸால் திருத்திவிட்டுப் போக வேண்டும். கணினி வந்த பிறகும் அந்தப் பலகையை நாங்கள் எடுக்கவில்லை.

அண்ணா, நான் ஒரு தனியார் சார்ஜிங் நிலையத்தில் டெக்னீசியன். கன்னை மாட்டிவிட்டு வந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. சில சமயம் கன் வண்டியிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
*— வாசகர், பெருந்துறை*

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு மழைக்கால ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது. நான் பொறுப்பில் இருந்த யார்டில், வேலைக்குப் புதிதாக வந்த பையன் வரிசையாக எல்லாப் பஸ்ஸுக்கும் கன்னை மாட்டினான். எல்லாச் சார்ஜரிலும் விளக்கு எரிந்தது. டீ குடிக்கப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம். 4 மணிக்கு முதல் ஓட்டுநர் வந்து சாவி போட்டார். 22 சதவீதம். பக்கத்துப் பஸ் 19. அப்படியே வரிசையாக 11 பஸ். கன் மாட்டியிருந்தது, உள்ளே ஒரு யூனிட்கூடப் போகவில்லை. அந்த விளக்கு "மாட்டியாயிற்று" என்பதற்கான விளக்கு. "ஏறுகிறது" என்பதற்கு வேறு நிறம். அன்றைக்குக் காலையில் ஸ்டாப்பில் நின்ற ஜனங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்களோ! மில் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் அதில் எத்தனை பேரோ! இன்று வரைக்கும் அது எனக்கு வெசனம்தான்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி போட்டேன். ஆம்பியர் ஏறும் வரை கையை எடுக்காதே. நாம் இங்கே பெரும்பாலும் பயன்படுத்துவது சி.சி.எஸ். 2 வகைக் கன். மாட்டியவுடன் கரண்ட் வராது. முதலில் சின்ன பின்கள் இரண்டும் வண்டியோடு பேசும். வண்டி கன்னைப் பூட்டிக்கொள்ளும், கேட்டால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் சார்ஜர் இன்சுலேஷன் (கரண்ட் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பு) சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். அதன் பிறகு வோல்டேஜைப் பேட்டரிக்குச் சமமாகக் கொண்டுவரும். எல்லாம் சரி என்றால்தான் திரையில் ஆம்பியர் 0-விலிருந்து மெல்ல ஏற ஆரம்பிக்கும். இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிற விஷயம். அந்த ஒரு நிமிடம் அங்கேயே நின்று எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்து, பலகையில் டிக் அடித்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸுக்குப் போக வேண்டும். 20 பஸ்ஸுக்கு 20 நிமிடம். அதைவிட மலிவான பராமரிப்பு எனக்குத் தெரியாது.

பாதியில் நிற்பதற்கு முதலில் கன்னின் வாயைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய பின் இரண்டிலும் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்திருந்தால், பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அங்கே இணைப்பு லூஸ். லூஸான இடத்தில் சூடு ஏறும்; பின்னோடு ஒட்டியுள்ள சென்சார் அதைப் பார்த்து முதலில் கரண்டைக் குறைக்கும், 90 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிடும். நிறுத்தியது சார்ஜரின் குறை இல்லை, அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கன்னை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பூச்சு போய்விடும், நாலே நாளில் இன்னும் மோசமாகும். பின்னை மாற்ற வேண்டும்.

கன்னை யாரும் தரையில் போடக்கூடாது. நம் ஊர் செம்மண் பொடி பின்னுக்குள் போனால் அதுவே லூஸ் இணைப்புதான். கேபிள் மேல் பஸ் ஏறுவது இன்னொரு வியாதி. மேலே ரப்பர் நன்றாகவே தெரியும், உள்ளே மெல்லிய சிக்னல் வயர் நசுங்கியிருக்கும். நாம் சாஃப்ட்வேர் கோளாறு என்று மாதக்கணக்கில் கம்பெனிக்கு மெயில் போட்டுக்கொண்டிருப்போம். மேலேயிருந்து ஸ்பிரிங் வைத்துக் கேபிளைத் தொங்கவிட்டால் பாதிக் கோளாறு போய்விடும்.

கன் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். வண்டிதான் அதைப் பூட்டிவைத்திருக்கிறது. சார்ஜரில் நிறுத்து பட்டனை அழுத்தி, ஆம்பியர் 0 ஆனதைப் பார்த்து, வண்டியின் சாவியை ஒருமுறை போட்டு எடுங்கள். அப்படியும் வராவிட்டால் சார்ஜிங் வாய்க்குப் பின்னால் கையால் பூட்டைத் திறக்க ஒரு கயிறோ லிவரோ இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் மாறும், முதல் நாளே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பேருந்து தனியார் கம்பெனியுடையது, கண்டக்டர் மட்டும் நம் ஆள் என்றால், சார்ஜிங் ஸ்டேஷனுக்கு யார் பொறுப்பு? நாளைக்குப் பஸ் ஓடவில்லை என்றால் ஜனங்கள் யாரைக் கேட்பார்கள்?
*— வாசகர், ஈரோடு*

நியாயமான கேள்வி. சென்னையில் 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்பேருந்துகளைத் தொடங்கியபோது வைத்த முறை இதுதான். பஸ்ஸும் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்தக் கம்பெனியுடையது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாநகர் போக்குவரத்துக் கழகம் பணம் கொடுக்கிறது. கண்டக்டரும் டிக்கெட் வசூலும் கழகத்துடையது.

இந்த முறை நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்த்த ஓட்டையை மட்டும் சொல்கிறேன். ஈபி பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் யார்டின் ஒழுங்கு. பில்லைக் கழகம் கட்டுகிறது, பஸ்ஸைக் கம்பெனி சார்ஜ் போடுகிறது என்று இருந்தால், ராத்திரி 10.30-க்கு எல்லாக் கன்னையும் ஒன்றாக மாட்டிவிட்டுத் தூங்கப் போவதில் கம்பெனி ஆளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உச்சபட்ச கேவிஏ ஏறினால் அதன் செலவு கழகத்தின் தலையில். ஆகையால் ஒப்பந்தத்தில் கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட் என்பதோடு, மொத்த கேவிஏ இத்தனையைத் தாண்டினால் அதன் செலவு உங்களுடையது என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதில் பிடிவாதமே உண்டு. சார்ஜர் கணினியின் பதிவு கம்பெனியிடம் மட்டும் இருக்கக்கூடாது. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு மாட்டப்பட்டது, எத்தனை யூனிட் ஏறியது, எதனால் நின்றது என்று கழகத்தின் ஆள் அவர் மேசையிலிருந்தே பார்க்க முடிய வேண்டும். நம் டிப்போக்களில் எத்தனையோ நல்ல எலக்ட்ரீசியன்கள் இருக்கிறார்கள். ஒரு ஷிப்டுக்கு ஒருவரை அந்த யார்டில் உட்கார வைத்தால் போதும். பத்து வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்து கம்பெனி போகும்போது, இந்த வேலை தெரிந்தவர் ஒருவராவது நம்மிடம் மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?

நான் வால்பாறை ரூட்டில் ஓடிய ஓட்டுநர். 40 கொண்டை ஊசி வளைவு ஏற மின்பேருந்தால் முடியுமா? மேலே ஒரு சார்ஜர் வைத்து ஃபுல் செய்துகொண்டு இறங்கினால் நல்லதுதானே?
*— வாசகர், பொள்ளாச்சி*

ஏறுவதில் கஷ்டமே இல்லைங்க. மோட்டாருக்கு முதல் சுற்றிலேயே முழு இழுவை உண்டு. வளைவில் கியர் மாற்றித் திணறுகிற வேலை கிடையாது. செலவுக் கணக்கு மட்டும் வேறு. 16 டன் எடையுள்ள பஸ் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற, அந்த உயரத்துக்கு மட்டும் 44 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 50. இது சமதளத்தில் ஓடுகிற செலவுக்கு மேலே தனி.

மேலே ஃபுல் செய்துவிட்டு இறங்குவதுதான் ஆபத்து. இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி பஸ்ஸைப் பிடித்து நிறுத்தும், அந்தக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்தக் கரண்டை எங்கே வைப்பது? வண்டி அந்தப் பிடிப்பைக் குறைத்துவிடும். அப்புறம் 40 வளைவையும் சாதா பிரேக்கிலேயே இறங்க வேண்டும். பிரேக் சூடேறி வாசம் வருவதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே மேலே சார்ஜர் வைத்தால் 70, 75 சதவீதத்தில் தானாக நிற்கும்படி வைக்க வேண்டும். மலை ரூட்டுக்கு ஃபுல் சார்ஜ் போட வேண்டிய இடம் அடிவாரம்தான். சத்தியிலிருந்து திம்பம் போகிற 27 வளைவு ரூட்டுக்கும் இதே கதைதான்.

எங்கள் தோட்டத்தைச் சுற்றி எல்லாம் காற்றாலை. இந்தக் கரண்ட் பஸ்ஸுக்குப் போகுமா? சார்ஜ் போட ராத்திரி நல்லதா, பகல் நல்லதா?
*— வாசகர், பல்லடம்*

உங்கள் காற்றாலைக் கரண்ட் கிரிட்டில் (எல்லா ஊரையும் இணைக்கும் மின்கம்பி வலையில்) கலந்துவிடுகிறது, இது பஸ்ஸுக்கு இது மில்லுக்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வீசுகிறபோது கிரிட்டில் கரண்ட் தாராளம். அந்த மாதங்களில் ராத்திரி சார்ஜ் போடுவதில் ஒரு நியாயம் உண்டு.

பகலா ராத்திரியா என்பதற்குப் பதில் இப்போது மாறிவருகிறது. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் ராத்திரிக் கரண்ட் மலிவு என்பது மனப்பாடம். இப்போது சோலார் வந்த பிறகு மதியம்தான் கரண்ட் மிச்சம். மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட் கரண்டை வழங்க ஆகும் சராசரிச் செலவில்) 0.7 மடங்கும், மற்ற நேரத்துக்கு 1.3 மடங்கும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாநிலம் எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பது வேறு. திசை அதுதான்.

டவுன் பஸ்ஸுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. காலை நெரிசல் 10.30-க்கு முடிந்தால் 3 மணி வரை பாதிப் பஸ் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் 75 பஸ்ஸுக்கும் முறை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் போட்டு 70 யூனிட் ஏற்றிவிட்டால், மேலே அந்த அம்மிணிக்குச் சொன்ன ராத்திரிக் கணக்கு 19,500-லிருந்து 14,250 யூனிட்டுக்கு இறங்கும். 2,800 கிலோவாட் தேவை சுமார் 2,050 ஆகிவிடும். டிரான்ஸ்பார்மரே ஒரு சைஸ் சின்னதாகப் போதும். இதற்கு ஒன்றே ஒன்று வேண்டும். ஓட்டுநரின் சாப்பாட்டு நேரமும் சார்ஜர் காலியாகும் நேரமும் ஒத்துவரும்படி ஷெட்யூல் போட வேண்டும். அது கரண்ட் வேலை இல்லை, டைம் டேபிள் வேலை. இரண்டு செக்ஷனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும்.

பஸ் டிப்போ சார்ஜரில் பகலில் எங்கள் காருக்கும் போட விட்டால் என்ன?
*— வாசகர், காங்கேயம்*

டிப்போவுக்குள் வேண்டாம். 12 மீட்டர் பஸ் ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் குடும்பத்தோடு வந்த கார் நிற்கக்கூடாது. சாலையைப் பார்த்த மதில் ஓரம் தனி வாசல், தனி மீட்டர் வைத்து இரண்டு கன் கொடுத்தால் நல்ல வருமானம். அதையும் பஸ்ஸுக்குத் தேவைப்படும் நேரத்தில் கணினி தானாகக் குறைக்கும்படி வைக்க வேண்டும்.

மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்காதா? எங்கள் ஊரில் இரண்டடி தோண்டினால் பாறை. எர்த் எப்படி எடுப்பது?
*— வாசகர், சென்னிமலை*

மழைக்குப் பயப்பட வேண்டாம். கன் முழுதாக உள்ளே போய்ப் பூட்டி, சோதனை முடிந்த பிறகுதான் அதில் வோல்டேஜ் வரும் என்று மேலே சொன்னேன். நனைந்த கன்னால் இன்சுலேஷன் சோதனை தேறாமல் சார்ஜ் ஆகாமல் போகும், அது நல்லதுக்குத்தான். சார்ஜர் நிற்கிற மேடை மட்டும் தரையிலிருந்து உயரமாக இருக்க வேண்டும். வாஷிங் பிட் தண்ணீர் அந்தப் பக்கம் வழியக்கூடாது.

எர்த் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் சந்தோஷம், ஏனென்றால் யாரும் கேட்பதே இல்லை. நம் மேட்டாங்காட்டு மண், சுக்காங்கல்லும் பாறையும். ஈரம் நிற்காது. ஈரம் இல்லாத மண்ணில் கரண்ட் இறங்காது. புதுக் கட்டிடத்துக்கு ஐப்பசி மழையில் எர்த் டெஸ்ட் எடுத்து, அருமையான அளவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சித்திரையில் எடுத்துப் பாருங்கள், ரெண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும். ஆகவே டெஸ்ட் சித்திரையில்தான் எடுக்க வேண்டும். அதில் தேறினால் வருடம் முழுக்கத் தேறும்.

பாறை இருக்கிற இடத்தில் ஒரே குழியை நம்பாதீர்கள். போர் போட்டு ஆழமாகக் கம்பி இறக்கி, சுற்றிலும் பென்டனைட் களிமண் நிரப்பி, நாலைந்து குழியைப் பட்டையால் ஒன்றாகக் கட்டுங்கள். பழைய முறையில் கரியும் உப்பும் போடுவோம். உப்பு நாளாக நாளாகக் கம்பியை அரித்துவிடும். குழியின் மூடியைத் திறந்து வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையை ஒரு ஆள் பெயர் போட்டு எழுதி வையுங்கள். எல்லாருடைய வேலை என்று விட்டால் குழி காய்ந்துதான் கிடக்கும். உயர் அழுத்த இணைப்பு என்பதால் மின் ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி தந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க முடியும். அவர் வருகிற அன்றைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அண்ணா, என் மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் முடித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த வேலைக்குப் போகலாமா? ராத்திரி ஷிப்ட், பெரிய கரண்ட் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.
*— வாசகி, சத்தியமங்கலம்*

அம்மா, தாராளமாகப் போகலாம். ஐ.டி.ஐ.யிலேயே இப்போது மின்வாகன மெக்கானிக்குக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் எலக்ட்ரீசியன் படித்த பையனுக்குச் சார்ஜிங் யார்டில் இடம் எப்போதும் உண்டு. வேலை நம் ஊருக்குப் புதிது, கரண்ட் புதிது இல்லை. 1932-ல் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்துதான் கோயமுத்தூர் மில்கள் பெருகின. அதற்கும் முன்னால் 1920-லேயே ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அந்தக் கரண்டும் அந்தப் பஸ்ஸும் இப்போது ஒன்றாகச் சேருகின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம் பிள்ளைகளுக்கு வரட்டும்.

உங்கள் பயமும் நியாயம்தான், அதைச் சின்னதாக நினைத்து நான் பதில் எழுத மாட்டேன். வீட்டில் வருவது 230 வோல்ட் ஏ.சி. (மாறுதிசை) கரண்ட். பஸ் பேட்டரியில் இருப்பது 600, 700 வோல்ட் டி.சி. (நேர்திசை) கரண்ட். ஏ.சி. கரண்ட் ஒரு விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், அதனால் நெருப்புப் பொறி தானாக அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி பிடித்தால் இழுத்துக்கொண்டே நிற்கும். ஓடுகிற இணைப்பைக் கழற்றவே கூடாது என்பது இதனால்தான். பையனிடம் சொல்லுங்கள்: வேலையில் சேருகிற இடத்தில் அவன் கைக்கு ஆயிரம் வோல்ட் ரப்பர் கையுறை தனியாகக் கொடுக்கிறார்களா, பிரேக்கரை அணைத்தால் அதில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று முதல் நாளே கேட்கட்டும். இரண்டும் இல்லை என்றால் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.

கையுறையை ஒவ்வொரு ஷிப்டும் போடுவதற்கு முன்னால் காற்றடைத்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக்கொண்டு வந்தால் விரல்கள் பலூன் மாதிரி உப்பும். காதுக்குப் பக்கத்தில் வைத்தால், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் 'ஸ்ஸ்' என்று கேட்கும். அப்படிக் கேட்டால் அந்த ஜோடியைக் கத்தரித்துத்தான் குப்பையில் போட வேண்டும், இன்னொருவர் எடுத்துப் போட்டுவிடக்கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கிற சாதாரண ரப்பர் கையுறையில் அவனைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.